தரையில் வைத்த புடவை

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்களை ஒருவர் விடாமல் சொல்லிவிடுகிறேன். அப்பா, ஆத்தா, கல்யாணம் நிச்சயமாகியிருந்த அக்கா, அப்பாவுடன் பிறந்த அத்தை, இலுப்பூர் கடைவீதியிலிருந்து வந்திருந்த தையற்காரர், நான். கொட்டிலில் ஒரு கன்றுக்குட்டி. வேறு யாரும் இல்லை. வாசற்கதவைச் சாத்தி உள்ளே நாதாங்கி போட்டிருந்தார்கள். பட்டப்பகலில் கதவு சாத்துகிற வழக்கம் எங்கள் தெருவில் கிடையாது.

ஏன் இப்படிக் கணக்காகச் சொல்கிறேன் என்றால், போன வருஷம் அக்காவிடம் இந்தப் பேச்சை எடுத்தேன். "நானா? நான் அன்னிக்கு வீட்டுலயே இல்லயே. சின்னாத்தா வீட்டுக்குல்ல போயிருந்தேன்" என்றாள். இருந்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த இடத்திலிருந்து ஒவ்வொருவராகத் தங்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான்தான் இன்னும் நிற்கிறேன். எனக்குக் கவலைக்காரி என்று பெயர். அடுப்பை அணைத்துவிட்டுப் போனால் பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிறவள். படிப்பும் பெரிதாக இல்லை, ஐந்தாம் வகுப்புப் பாதியில் நின்றது. அதுவும் இந்தக் கதைக்குள்தான் வருகிறது.

நம் வயதுக்காரர்களுக்கு அந்தக் காலத்தை விளக்க வேண்டியதில்லை. புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய்க் கொஞ்ச வருஷம். ரூபாய்க்குப் பதினாறு அணா. ஆனியில் அக்காவுக்குப் பரிசம் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை பொன்னமராவதிப் பக்கம். ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். இடையில் ஆடி மாதம். அந்த ஆடியில்தான் கல்யாணச் சோற்றுக்கான நெல்லைப் பின்கட்டில் அவித்துக்கொண்டிருந்தோம். அவித்துக்கொண்டிருந்தது அத்தை. அத்தைக்கு அப்போது முப்பது வயதுகூட இருக்காது. கல்யாணமாகி இரண்டாம் வருஷமே புருஷனைக் கொடுத்துவிட்டு, வெள்ளைச் சேலையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். கல்யாணத்துக்குப் பந்தக்கால் ஊன்றும்போது அவள் எதிரில் வரக் கூடாது. ஆனால் பந்தக்காலுக்குக் குழி தோண்டுகிற கடப்பாரையை எடுத்துக் கொடுக்க வேண்டும். நெல் அவிக்கலாம், குத்தலாம், புடைக்கலாம். ஆக்கிய சோற்றை மணவறைக்கு எடுத்துப் போகக் கூடாது. இதையெல்லாம் யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. வீட்டுப் பூனை எந்தச் சட்டியில் வாய் வைக்கலாம் என்று தெரிந்துகொள்கிற மாதிரித் தெரிந்துகொண்டோம்.

நெருப்புப் பிடிப்பதற்கு முதல் நாள் அத்தை அப்பாவிடம் பேசியதை நான் கேட்டேன்.

"அண்ணே, காத்து மேக்கேருந்து அடிக்குது. வைக்கோப் படப்பு அடுப்புக்கு நேர இருக்கு. அத அங்கிட்டு நகத்தி வச்சுட்டு அவிப்போம்ண்ணே."

"படப்ப நகத்துறதுன்னா ரெண்டாளு கூலி. நீ அடுப்ப நகத்திக்க."

"மண்ணடுப்பு. அத எப்படிண்ணே நகத்த?"

"அப்பப் பாத்து எரி. ஒனக்கு யோசன சொல்ல மட்டுந்தான் தெரியும்."

மறுநாள் உச்சிப்பொழுதில் பொறி பறந்தது. படப்பு எரிந்தது, படப்பிலிருந்து பின்கட்டுக் கூரை எரிந்தது. பின்கட்டில்தான் கல்யாணச் சாமான்கள் வைத்திருந்த அறை. தெருவே குடமும் கையுமாக ஊருணிக்கும் எங்கள் வீட்டுக்கும் ஓடியது. முன்கட்டு ஓட்டு வீடு, அது தப்பித்தது. ஆளுக்கும் ஒன்றும் இல்லை. கன்றுக்குட்டிக்கு வால் முடி கருகியதோடு சரி. ஆனால் தீ அணைந்த பிறகும் சனங்கள் நிறுத்தவில்லை. உதவி செய்ய வந்தவர்களுக்குக் கையில் குடத்தை வைத்துக்கொண்டு சும்மா நிற்க முடியுமா? புகை ஏறிய துணி மூட்டை, மெத்தை, பெட்டி, எல்லாவற்றின் மேலும் ஊற்றினார்கள்.

"துணியில ஊத்தாதீங்க! ஊத்தாதீங்க!" என்று அத்தை கத்தியது இப்போதும் காதில் இருக்கிறது. புகைக்கரி காய்ந்திருந்தால் உதறினால் போய்விடும். தண்ணீர் பட்டால் மையாகிவிடும். அத்தைக்கு அது தெரியும். நெருப்பு வைத்தவளே கூச்சல் போடுகிறாள் என்று யாரோ சொன்னார்கள். அந்தச் சொல் அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் போய், திரும்பி எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த அறையிலிருந்து வெளியே எடுத்துப் போட்டவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன். அக்காவுக்கென்று புதிதாகத் தைத்த இலவம்பஞ்சு மெத்தை, ஊறிச் செத்த மாடு மாதிரிக் கிடந்தது. நீலப்பட்டை போட்ட பெரிய ஜமக்காளம். அக்கா தன் கையாலேயே கிளி பின்னிய இரண்டு தலையணை உறை; ஒரு கிளிக்குத் தலை இல்லை. அப்பாவின் எட்டு முழ வேட்டிகள். என் பள்ளிக்கூடத்து மஞ்சள் பை, பலகையோடு. கடைசியாக மரப்பெட்டி. அதன் மூடியில் ஒரு மூலை கரியாகிப் பொக்கை விழுந்திருந்தது. அதற்குள்தான் பரிசப் புடவை.

எங்கள் வகையறாவில் பரிசம் போடும்போது மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கிற புடவையைப் பெண் அன்றைக்கு ஒரு நாழிகை உடுத்திவிட்டு மடித்து வைத்துவிட வேண்டும். அப்புறம் கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டுப் படியேறும்போதுதான் அதை மறுபடி உடுத்த வேண்டும். வேறு புடவையில் படியேறினால் அந்த வீட்டில் அவளுக்கு மரியாதை இல்லை. அந்தப் புடவைக்கு நடுவில் ஏதாவது ஆகிவிட்டால் கல்யாணமே இல்லை. எலி கடித்ததற்காக நின்றுபோன கல்யாணம் ஒன்று அன்னவாசல் பக்கத்தில் உண்டு. நெருப்புக் கடித்தால்?

ஆத்தா பெட்டியைத் திறந்து புடவையைத் தூக்கினாள். அரக்கு உடல், பச்சைக் கரை, கரையில் சரிகை. மடிப்பின் ஒரு மூலையில் மட்டும், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் கருகியிருந்தது. "இம்புட்டுத்தானே" என்றார் அப்பா. ஆத்தா பிரித்தாள். ஒரு மடிப்பைப் பிரிக்க ஒரு ஓட்டை. அடுத்ததைப் பிரிக்க அடுத்த ஓட்டை. மடித்த துணியில் ஓர் இடத்தில் பட்ட நெருப்பு எல்லா மடிப்பையும் துளைத்துக்கொண்டு போயிருந்தது. புடவை நீளத்துக்கும் கரையோரமாக வரிசையாக, ஒரே மாதிரி, ஒரே அளவில் கண்கள். அப்பா உட்கார்ந்துவிட்டார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆத்தா அழவில்லை. முதலில் சொன்ன வார்த்தை: "இந்த வீட்டுல இருக்கிற ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது." அப்புறம் என்னைப் பார்த்தாள். "இவ பள்ளிக்கொடத்துல போயி ஒளறிருவா. கல்யாணம் முடியிற மட்டும் போக வேணாம்." பலகையும் போயிருந்தது. கல்யாணம் முடிந்தது. யாரும் என்னைத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் எதையாவது உளறிவிடுவேனோ என்று பயம்.

துணிகளை வெளுக்கப் போடவும் முடியாது. சலவைக்காரர் வீட்டுக்குப் போனால் சேதி எல்லா வீட்டுக்கும் போகும். ஆக, எல்லாம் அத்தை தலையில். வேட்டிகளை உவர்மண்ணில் ஊறவைத்து அவித்தாள், வெயிலில் போட்டாள், மறுபடி அவித்தாள். ஜமக்காளத்தைத் தண்ணீரில் நனைக்காமல் கொடியில் போட்டுப் பிரம்பால் அடித்தாள். கரி மூக்கில் ஏறி அவள் தும்மினால் கறுப்பாக வரும். மெத்தையைப் பிரித்துப் பஞ்சை வெயிலில் பரப்பினாள். ஆடிக் காற்றுக்குப் பஞ்சு நிற்குமா? எரிந்துபோன பின்கட்டு முழுக்க வெள்ளையாகப் பறந்தது. நான் கையை விரித்துக்கொண்டு அதைப் பிடிக்க ஓடினேன், சிரித்துக்கொண்டு. வீட்டில் அந்த வாரம் சிரித்தது நான் ஒருத்திதான்.

பரிசப் புடவையை மட்டும் அத்தை தொடக் கூடாது. ஆத்தாவுக்கோ பட்டுத் துவைக்கத் தெரியாது. அவள் கல்யாணப் புடவை எங்கள் இருவருக்கும் தூளியாகித் தொங்கிக் கிழிந்து எப்போதோ போய்விட்டது. ஆகவே ஆத்தா அண்டா முன் உட்கார, அத்தை கிணற்றடியில் தள்ளி நின்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பூந்திக்கொட்டத் தண்ணி ஆறிருச்சா மதினி? சூடா இருந்தா சாயம் எறங்கும். ஒரு கை உப்புப் போடுங்க."

"போட்டுட்டேன்."

"கசக்காதீங்க மதினி! அப்படியே தூக்கித் தூக்கி விடுங்க. பிள்ளையக் குளிப்பாட்டுற மாதிரி."

"ஒனக்கென்ன பிள்ளையக் குளிப்பாட்டுறது தெரியும்?" என்றாள் ஆத்தா. கோபத்தில் சொன்னதுதான். சொன்ன பிறகு அவளும் கொஞ்ச நேரம் அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தையின் இரண்டு கைகளும், தள்ளி நின்ற இடத்திலேயே, வெறுங்காற்றில் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டிருந்தன. அது அவளுக்கே தெரிந்திருக்காது.

கரி போயிற்று. ஓட்டைகள் இருந்தன. அப்பா சைக்கிளில் இலுப்பூர் போய்த் தையற்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கிழிசல் தெரியாமல் இழை ஓட்டி அடைப்பதில் கைதேர்ந்தவர் என்று பேர். எல்லோரும் அவரைப் பாய் என்போம். வாய் ஓயாத மனிதர்.

"அடேயப்பா, நெருப்பு அளவெடுத்துல்ல கடிச்சிருக்கு! என் மகன் இப்படி ஒரே அளவுக்கு வெட்டுனான்னா நான் கடைய அவங்கிட்டக் குடுத்துட்டு மக்காவுக்குப் போயிருவேன்."

"பாய், வெளையாட்டு வேணாம். முடியுமா முடியாதா?" என்றார் அப்பா.

"கோவப்படாதீங்க மாமா. புள்ள கட்டும்போது கொசுவத்துக்குள்ள போற ஓட்டைய விட்டுருவோம், அத எவன் பாக்கப் போறான். வெளிய தெரியிறது முந்தியில ஒன்னு, முன்னாடி ரெண்டு. அத அடச்சுப்புடலாம். ஆனா நூலுக்கு எங்க போறது? இதே அரக்கு, இதே பச்சை, சரிகையோட. பழசா இருந்தா இன்னும் நல்லது. இருக்கா?"

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் கல்யாணப் பட்டென்றால் அரக்கும் பச்சையும்தான். அப்படி ஒரு புடவை வீட்டில் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். அத்தையின் தகரப்பெட்டியைக் கல்யாணச் சாமான் அறையில் வைக்கக் கூடாதென்று முன்கட்டில் நெல்லுக் குதிருக்கு அடியில் தள்ளி வைத்திருந்தார்கள். அதனால்தான் அது பிழைத்தது.

யாரும் அத்தையைப் பார்க்கவில்லை. எல்லோரும் குதிர்ப் பக்கம் பார்த்தார்கள்.

"அது வேணாம்" என்றாள் ஆத்தா முதலில். "அது எப்படிங்க? அந்தப் புடவையப் போயி..."

"வேற எங்க போறது? சொல்லு. புதுசு எடுக்க ரூவா கெடக்கா? எடுத்தாலும் இந்த நெறம் அமையுமா?" என்றார் அப்பா. பிறகு அத்தையிடம், அவள் முகத்தைப் பார்க்காமல்: "எடுத்துட்டு வா."

"வேணாம்ண்ணே."

அத்தை அப்பாவிடம் 'வேணாம்' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"என்ன வேணாம்?"

"எனக்குன்னு இருக்கிறது அது ஒன்னுதாண்ணே."

"இந்தா, இவ கல்யாணம் நின்னு போச்சுன்னா ஒனக்கு நல்லாருக்குமா? நெருப்பு வச்சது யாரு? ஒரு முழம் வெட்டுறதுல ஒனக்கு என்ன கொறஞ்சு போகுது? கல்யாணம் முடியட்டும், தீவாளிக்கு இதவிட நல்லதா எடுத்துத் தாரேன். போ."

அத்தை அக்காவைப் பார்த்தாள். அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அத்தை போய்ப் பெட்டியை இழுத்தாள். புடவை ஒரு பழைய வெள்ளை வேட்டியில் சுற்றியிருந்தது, நடுவில் காய்ந்த வேப்பிலை. அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். அவள் மார்போடு சேர்த்து ஒரு சிவப்புத் துணி இருப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. வேறு யாரோ மாதிரி இருந்தாள்.

பாய் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.

"அய்யோ, கையில குடுக்காத!" என்றாள் ஆத்தா. "தரையில வச்சுட்டு நகந்துக்க."

அதாவது, விதவை கையிலிருந்து வாங்கினால் குற்றம். தரையிலிருந்து எடுத்தால் குற்றமில்லை. தரையில் கிடந்த பொருள் யாருடையதும் இல்லை என்று ஆகிவிடும்.

பாய்க்கு அது புரியவில்லை. "தரை பூராக் கரியும் பஞ்சுமாக் கெடக்கு தாயி. பட்டுல ஒட்டிக்கிரும். கையிலயே குடுங்க."

அத்தை குனிந்து வைத்தாள். வைத்துவிட்டு, பின்பக்கமாகவே நான்கு எட்டு நகர்ந்தாள். ஆத்தா சொம்பில் மஞ்சள்தண்ணீர் கொண்டுவந்து புடவை மேல் தெளித்து, அதை எடுத்து, பாய் கையில் கொடுத்தாள். பாய் அத்தையை ஒரு தரம் பார்த்தார். அதுவரை ஓயாத வாய் ஓய்ந்துவிட்டது. கத்தரிக்கோல் பட்டில் ஓடும்போது ஒரு சத்தம் வரும், உங்களுக்குத் தெரிந்திருக்கும், காய்ந்த இலையை மிதிக்கிற மாதிரி. முந்தானையோடு ஒரு முழத்துக்கு மேலேயே வெட்டினார். கரை அங்கேதான் அகலம்.

மீதியை ஆத்தா தரையில் வைத்தாள். அத்தை எடுத்துக்கொண்டு போய், வெட்டுப்பட்ட ஓரம் பிரியாமலிருக்க மடித்துத் தைத்தாள். அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. "வீம்பு" என்றார் அப்பா.

பாய் கொட்டிலில் உட்கார்ந்து சில நாள் வேலை பார்த்தார். அப்படி ஒரு நாளில்தான் மாப்பிள்ளையின் தாய்மாமன், தீப்பிடித்த சேதி கேட்டு விசாரிக்க வந்தார். பெரிய மீசை, வில்வண்டி. முன்கட்டில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு நேராகவே கேட்டார்.

"பரிசப் பொடவைக்கு ஒன்னும் இல்லையில்ல?"

"ஒரு நூல் கருகலிங்க. குதிருக்குள்ளல்ல வச்சிருந்தோம்" என்றார் அப்பா.

"எங்க, ஒரு பார்வை காட்டுங்க. வீட்டுல பொம்பளைங்க கேட்டா நான் பாத்தேன்னு சொல்லணும்ல."

கொட்டிலில் பாய் மடியில் அது விரிந்து கிடக்கிறது. ஆத்தா கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: "ஆடியில பிரிக்கப்படாதுங்க. ஆவணி பொறக்கட்டும்."

"அதுவும் சரிதான்" என்றார் அவர். அதே நேரம் கொட்டிலிலிருந்து ஒரு பெரிய தும்மல். இலவம்பஞ்சு யாரை விட்டது?

"கன்னுக்குட்டிங்க" என்றார் அப்பா. "புகை குடிச்சதுலேருந்து அப்படித்தான்."

"எங்க ஊர்ல கன்னுக்குட்டி இம்புட்டுக் கம்பீரமாத் தும்மாதே" என்று அவர் மீசையைத் தடவிச் சிரித்தார். தெரிந்துதான் சிரித்தாரோ, தெரியாமலோ. கிளம்பும்போது கேட்டார்: "ஆமா, தீ எப்படிப் புடிச்சது?"

அப்பா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எந் தங்கச்சிதான் நெல்லு அவிச்சுக்கிட்டிருந்துச்சு. அதுக்கு எதுலயும் ஒரு கவனம் கெடையாது."

"அந்தம்மா புருசனையும் அப்படித்தானே வாரிக் குடுத்துச்சு. சில பேர் ராசி அது. கல்யாணத்துல முன்னுக்க நிக்காமப் பாத்துக்கங்க."

"அது எதுக்கு நிக்கிது? அன்னவாசலுக்கு அனுப்பிருவோம்."

வண்டி தெருமுனை திரும்புகிறவரை அத்தை பொறுத்திருந்தாள். அப்புறம் கையிலிருந்த பிரம்பை எறிந்துவிட்டு முன்கட்டுக்கே வந்தாள். "படப்ப நகத்தச் சொன்னது யாருண்ணே? சொல்லுங்க. யாரு சொன்னா?"

அப்பா கையை ஓங்கினார். அடிக்கவில்லை. ஓங்கிய கை அப்படியே நின்றது. "சத்தம் போடாத. தெருவுல கேக்கும்" என்றார். எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. அவள் சொன்னது பொய் என்று அவர் சொல்லவில்லை. தெருவில் கேட்கும் என்றுதான் சொன்னார்.

அத்தையை அன்னவாசலில் ஒரு தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அக்கா தினமும் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் புடவையை உடுத்திப் பழகினாள். கொசுவம் எந்த இடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று உள்பக்கத்தில் பாய் ஒரு மஞ்சள் நூல் முடிந்திருந்தார். ஒரு விரற்கடை தப்பினால் ஓட்டை வெளியே வந்துவிடும். சாம்பிராணி போட்டு, வெட்டிவேர் வைத்து, எவ்வளவோ செய்தும் அதன் மடிப்புக்குள் புகை வாடை இருந்தது.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. மாப்பிள்ளை வீட்டுப் படியில் அக்கா ஏறும்போது நான் பின்னால் நின்றேன். மாமியார்க்காரி ஆரத்தி சுற்றிவிட்டு, முந்தானையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். சரியாக அந்த இடத்தை. அத்தையின் சரிகை இருந்த இடத்தை.

"என்னடி இது, புகை வாட வருது?"

"சாம்பிராணிங்க. குலசாமிக்குக் காட்டுனோம்" என்றாள் ஆத்தா.

மாமியார் கரையை விரலால் தடவினாள். "நம்ம எடுத்த பொடவையில இந்த எடத்துலதான் சரிகை நல்லா மின்னுது" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். அக்கா வலது காலை எடுத்து வைத்தாள்.

பாய்க்குக் கூலி கல்யாணத்துக்கு மறுநாளே போய்விட்டது. புது வேட்டி, ஒரு மூட்டை நெல், கையில் ரூபாய். அவர் வாய் பெரியது, வெளியாள். அவருக்குப் பாக்கி வைக்க முடியுமா? அன்னவாசலிலிருந்து திரும்பியிருந்த அத்தைக்குத் தீபாவளிக்கு ஒரு வெள்ளைச் சேலை வந்தது, எப்போதும் வருகிற மாதிரி. அவள் அதையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன பாக்குற? நீ கட்டப் போறதில்லாத பட்டு ஒனக்கு எதுக்கு?"

"கட்டுறதுக்குன்னா கேட்டேன்?" என்றாள் அத்தை.

வருஷங்கள் போயின. அணா போய் நயா பைசா வந்தது. எனக்கும் கல்யாணமாகி, தலைப்பிரசவத்துக்கு ஆத்தா வீட்டில் இருந்தேன். அத்தைக்குக் கண்ணில் புரை விழுந்து, புதுக்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்தார்கள். அவள் அங்கே கிடந்த வாரத்தில் தெருவில் பழைய பட்டு வாங்குகிறவன் வந்தான். சரிகைக்காக எடுத்துக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிற ஆள். ஆத்தா குதிருக்கு அடியிலிருந்து அந்தப் பெட்டியை இழுத்தாள். "வெட்டுன பொடவை, யாரு கட்டப் போறா, பூச்சி அரிச்சுத்தான் போகும்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே போட்டாள். ஒரு தூக்குவாளி கிடைத்தது. என் பிள்ளைக்குப் பால் வாங்க ஆகும் என்றாள்.

அத்தை ஒரு கண்ணில் பச்சைத் துணி கட்டோடு வந்தாள். இரண்டொரு நாளில் பெட்டியைத் திறந்து கையால் துழாவினாள். வெள்ளைச் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். மறுபடி துழாவினாள். வேப்பிலைச் சருகு கையில் வந்தது. ஆத்தாவைக் கூப்பிடவில்லை, என்னையும் கேட்கவில்லை. எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டே அப்பா படுத்திருந்த கட்டில் பக்கம் போனாள்.

"அண்ணே, அந்தப் பொடவை வெலையக் குடுத்துருங்க."

"எந்தப் பொடவை?" என்றார் அப்பா.

நடிப்பு இல்லை. அதுதான் எனக்கு இன்றும் தாங்கவில்லை. அவருக்கு உண்மையாகவே நினைவில்லை. புருவத்தைச் சுருக்கி யோசித்தார். அத்தை அவருக்கு எதையும் எடுத்துச் சொல்லவில்லை.

"அறுவத்தஞ்சு ரூவா. ஆஸ்பத்திரிக்குப் போறப்பவே ஜவுளிக்கடையில விசாரிச்சு வச்சிருந்தேன். அரக்குல பச்சைக் கரை இப்ப அதான் வெல."

"ஒனக்கு எதுக்கு இப்ப அம்புட்டு ரூவா?"

"எனக்குத்தான்."

அப்பா தலையணைக்கு அடியில் கையை விட்டு ஓர் ஐந்து ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார். "இந்தா, பஸ்ஸுக்குக் கிஸ்ஸுக்கு வச்சுக்க."

அத்தை கட்டுப்போட்ட கண்ணைத் திருப்பி, மற்றக் கண்ணால் தாளைப் பார்த்து வாங்கிக்கொண்டாள். மடித்து இடுப்பில் சொருகினாள். சண்டைக் குரல் இல்லை, அழுகை இல்லை. சந்தைக்குப் போய் வந்தவள் மிச்சம் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்: "மிச்சம் அறுவது ரூவாண்ணே."

அத்தை போய்விட்டாள். அப்பா, ஆத்தா போய்விட்டார்கள். வீடு விற்ற பணத்தில் யாருக்கு என்ன பாக்கி என்று நானும் அக்காவும் உட்கார்ந்து பேசித் தீர்த்தோம். வைத்தியருக்கு, கொத்தனாருக்கு, கோயில் வரிக்கு, எல்லாருக்கும் கொடுத்தோம். அவள் சொன்ன மிச்சத்தை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அறுபத்தைந்தில் ஐந்து வந்தது. தர வேண்டியது இன்னும் அறுபது ரூபாய்.